கையில் இருந்தும் காட்டாத கூகுள்

2022 டிசம்பர் 2ஆம் தேதி, அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் தரண்ஜித் சிங் சந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் சுந்தர் பிச்சையிடம் பத்மபூஷண் விருதை ஒப்படைத்தார். மதுரையில் பிறந்து, சென்னை அசோக் நகரில் வளர்ந்த ஒருவர் கூகுளின் தலைவராக அந்த விருதை வாங்கியது தமிழர்களுக்குப் பெருமையான செய்திதான். அதே நகரத்தில் அதற்கு இரண்டு நாள் முன்பு இன்னொன்றும் நடந்திருந்தது. ஓப்பன்ஏஐ என்ற சிறிய நிறுவனம் பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் சாட்ஜிபிடியை இணையத்தில் திறந்துவிட்டிருந்தது. ஐந்தே நாளில் பத்து லட்சம் பேர் அதற்குள் புகுந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கூகுள் தலைமையகத்தில் 'கோட் ரெட்' என்று அபாய அறிவிப்பு விடப்பட்டதாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

உலகமே ஒரே கேள்வியைக் கேட்டது. நிறுவனர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஒதுங்கிய பிறகு, பிச்சையின் கையில் கூகுள் புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல் வெறும் விளம்பரக் கம்பெனியாகச் சுருங்கிவிட்டதா?

கேள்வி நியாயமானது. ஆனால் அது தொட்ட இடம் தவறு. சாட்ஜிபிடியை ஓடவைக்கும் அடிப்படைத் தொழில்நுட்பம் கூகுளுக்குள்தான் பிறந்தது. அதுவும் பிச்சை தலைமை ஏற்ற இரண்டாவது ஆண்டில். கண்டுபிடிப்பு ஒருநாளும் நிற்கவில்லை. கண்டுபிடித்ததை வாசலுக்கு வெளியே கொண்டுவருவதுதான் நின்றுபோனது. ஏன் நின்றது, பிறகு யார் அதை மறுபடி நகர்த்தியது என்று பார்த்தால், பிச்சையின் பத்தாண்டைப் பற்றி நம் ஊரில் புழங்கும் இரண்டு கதைகளும் சரியில்லை என்று தெரியும்.

முதல் கதை துதி. சாதாரணக் குடும்பத்துப் பையன், கரக்பூர் ஐஐடி, ஸ்டான்ஃபோர்டு, சிகரம் என்று போவது அது. இரண்டாவது கதை கோபம். 2025 அக்டோபரில் கூகுள் 1,500 கோடி டாலர் செலவில் ஏஐ மையம் ஒன்றை விசாகப்பட்டினத்தில் அமைக்கப்போவதாக அறிவித்தபோது, "தமிழர் தலைவராக இருந்தும் முதலீடு ஆந்திராவுக்குப் போய்விட்டதே" என்று தமிழக அரசியலில் ஒரு சர்ச்சை ஓடியது நினைவிருக்கலாம். பிச்சையை நம் வீட்டுப் பிள்ளையாக மட்டுமே பார்ப்பதால் வரும் ஆசையும் அதே காரணத்தால் வரும் ஏமாற்றமும் இவை. அவர் நடத்தும் நிறுவனத்தை இரண்டுமே திரும்பிப் பார்ப்பதில்லை.

பிச்சை கூகுளில் சேர்வதற்கான நேர்காணலுக்குப் போனது 2004 ஏப்ரல் 1. ஜிமெயில் வெளியான அதே நாள். ஒரு ஜிபி இடம் இலவசம் என்ற அறிவிப்பைப் பலர் முட்டாள்கள் தின விளையாட்டு என்றே நினைத்தார்கள். பணியாளர்கள் வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தங்களுக்குப் பிடித்த சொந்த முயற்சிகளில் செலவழிக்கலாம் என்று நிறுவனர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கூகுளில் பிச்சைக்குக் கிடைத்த வேலை கவர்ச்சியானதல்ல. பிரவுசருக்குள் கூகுள் தேடலை ஒட்டவைக்கும் டூல்பாரை வளர்ப்பது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரைக் கையில் வைத்திருந்த மைக்ரோசாஃப்ட், ஒருநாள் தன் தேடலையே முன்னால் நிறுத்திவிட்டுக் கூகுளை வெளியே தள்ளிவிடும் என்ற பயம் அப்போது இருந்தது. டூல்பார் அதற்குப் போட்ட முதல் அணை. 2008 செப்டம்பரில் வந்த குரோம் இரண்டாவது அணை. அன்றைய தலைமை நிர்வாகி எரிக் ஷ்மிட் பிரவுசர் வேண்டாம் என்று ஆண்டுக்கணக்கில் மறுத்துவந்தவர். குரோம் வந்து, வென்றது. 2013இல் ஆண்ட்ராய்டும் பிச்சையின் பொறுப்புக்கு வந்தது.

டூல்பார், குரோம், ஆண்ட்ராய்டு மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றுமே தேடல் பெட்டிக்குப் போகும் பாதைகள். அந்தப் பாதைகளை எதிரி அடைத்துவிடாமல் காத்ததில்தான் பிச்சையின் உயர்வு இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 10 அன்று ஆல்ஃபபெட் என்ற தாய் நிறுவனத்தை உருவாக்கி, கூகுளை அவரிடம் ஒப்படைத்தபோது பேஜ் தேர்ந்தெடுத்தது புதையல் தேடிப் போகிறவரை அல்ல. இருக்கும் புதையலைக் காக்கத் தெரிந்தவரை. இது குறை சொல்வதற்காக எழுதியதல்ல. அந்த ஆண்டு ஆல்ஃபபெட்டின் வருவாய் சுமார் 7,500 கோடி டாலர். அதில் பத்தில் ஒன்பது பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. காக்க வேண்டியது நிறையவே இருந்தது.

இப்போது 2017க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூனில் கூகுளைச் சேர்ந்த எட்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். முதல் பெயர் அஷீஷ் வாஸ்வானி. உடன் நோவாம் ஷசீர், நிக்கி பர்மார், யாக்கோப் உஸ்கோரைட், லியான் ஜோன்ஸ், ஏடன் கோமஸ், லூகாஷ் கைசர், இலியா பொலோசுகின். அவர்கள் கையில் எடுத்திருந்த வேலை மொழிபெயர்ப்பு. அதுவரை இருந்த முறைகள் ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாக, ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தன. நீண்ட வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மங்கிவிடும். 'டிரான்ஸ்ஃபார்மர்' என்று இவர்கள் பெயர் வைத்த அமைப்பு எல்லாச் சொற்களையும் ஒரே நேரத்தில் பார்த்தது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு எவ்வளவு தொடர்புடையது என்று எடை போட்டது. வரிசையாகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் ஆயிரக்கணக்கான சிப்களில் வேலையைப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. எவ்வளவு பெரிய இயந்திரமும் எவ்வளவு அதிக எழுத்தும் கொடுத்தாலும் தாங்கும் என்று பிறகு புரிந்தது. இன்றைய சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி எல்லாமே இந்தக் கட்டுரையின் வாரிசுகள்.

கூகுள் அதை ஒளித்து வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வெளியிட்டது. ஓப்பன்ஏஐ அதைப் படித்துக்கொண்டது.

அந்த எட்டுப் பேரும் 2023க்குள் ஒருவர்பின் ஒருவராகக் கூகுளை விட்டுப் போனார்கள். பெரும்பாலோர் சொந்த நிறுவனங்கள் தொடங்கினார்கள். கைசர் ஓப்பன்ஏஐக்கே போனார். இவர்களில் ஷசீரின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவரும் டேனியல் டி ஃப்ரெய்ட்டஸும் சேர்ந்து மீனா என்ற உரையாடும் மென்பொருளை உருவாக்கினார்கள். 2020இல் அதைப் பற்றிக் கூகுள் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதன் அடுத்த வடிவமான லாம்டாவை 2021இல் பிச்சையே மேடையேறி அறிமுகப்படுத்தினார். மனிதரைப் போலவே பேசியது. எவ்வளவு என்றால், 2022இல் பிளேக் லெமாய்ன் என்ற கூகுள் பொறியாளர் அதற்கு உணர்வு வந்துவிட்டது என்று நம்பி வெளியே சொல்ல, வேலையையே இழந்தார். சாட்ஜிபிடி வருவதற்குப் பல மாதங்கள் முன்னால் நடந்தது இது. ஆனால் பொதுமக்கள் கையில் லாம்டா தரப்படவில்லை. தாங்கள் செய்ததை வெளியிட வழியில்லாமல் ஷசீரும் டி ஃப்ரெய்ட்டஸும் 2021இல் வெளியேறி கேரக்டர்.ஏஐ தொடங்கினார்கள். 2024 ஆகஸ்டில் கூகுள் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அந்த ஒப்பந்தத்துக்கு ஆன செலவு சுமார் 270 கோடி டாலர் என்று செய்திகள் கூறின. வீட்டிலேயே இருந்தவர்களைப் போகவிட்டு, பிறகு கூட்டிவரக் கொடுத்த விலை.

ஏன் வெளியிடவில்லை? கூகுள் சொல்லும் காரணம் எச்சரிக்கை. அதில் உண்மை உண்டு. 2016 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் 'டே' என்ற சாட்பாட்டை ட்விட்டரில் விட்டது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அது இனவெறி பேசத் தொடங்க, அவசரமாகப் பிடுங்கி எடுத்தார்கள். தவறாகப் பதில் சொல்லும் இயந்திரத்தை, சரியான பதிலுக்காகவே உலகம் வந்து நிற்கும் கூகுள் வெளியிட்டால் கெட்டுப்போவது கூகுளின் பெயர். சின்ன நிறுவனத்துக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொரு காரணத்தைக் கூகுள் உரக்கச் சொல்வதில்லை. பத்து நீல இணைப்புகளைக் காட்டி, அவற்றுக்கு மேலேயும் பக்கத்திலும் விளம்பரம் வைப்பதில்தான் அதன் காசு. நேராக ஒரே பதிலைச் சொல்லிவிடும் இயந்திரத்தில் விளம்பரத்தை எங்கே வைப்பது? ரங்கநாதன் தெருவில் கூட்டம் அலைமோதும் கடையின் முதலாளி, எதிர்ச் சாரியிலேயே எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுக்கும் இன்னொரு கடையைத் தானே திறப்பாரா?

வெறும் ஊகமாகச் சொல்லிவிட்டுப் போகத் தேவையில்லை. அமெரிக்க நீதித்துறை கூகுள்மீது தொடுத்த ஏகபோக வழக்கில் பல உள் மின்னஞ்சல்கள் வெளிவந்தன. 2019 பிப்ரவரியில் தேடலிலிருந்து வரும் வருவாய் எதிர்பார்த்த அளவு உயரவில்லை என்று விளம்பரப் பிரிவு 'கோட் யெல்லோ' அறிவித்திருக்கிறது. அப்போது தேடல் பிரிவின் தலைவர் பெங்களூரில் வளர்ந்த பென் கோம்ஸ். தேடல் பணத்துக்கு மிக அருகில் போய்க்கொண்டிருக்கிறது என்று அவர் கவலைப்பட்டு எழுதிய மின்னஞ்சல் நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அவர் கல்விப் பிரிவுக்குப் போனார். விளம்பரப் பிரிவைப் பார்த்துவந்த, சென்னை ஐஐடியில் படித்த பிரபாகர் ராகவன் தேடலுக்கும் பொறுப்பேற்றார். விளம்பரத்தால் தேடல் முடிவுகள் மாறுவதில்லை என்பது கூகுளின் நிலைப்பாடு. இருக்கலாம். ஆனால் தேடலைக் கட்டியவர்களுக்கும் அதில் காசு பார்ப்பவர்களுக்கும் நடுவில் இருந்த சுவர் மெலிந்துகொண்டிருக்கிறது என்று உள்ளே இருந்தவரே உணர்ந்திருக்கிறார். பிச்சை காலத்தில் நடந்த மாற்றங்களில் இது முக்கியமானது. பங்குச்சந்தை அட்டவணையில் இது தெரியாது.

அதே வழக்கில் வந்த இன்னொரு தகவல்: ஐபோனின் சஃபாரி பிரவுசரில் கூகுளே முதல் தேடுபொறியாக இருப்பதற்காக 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு அது கொடுத்தது 2,000 கோடி டாலர். மிகச் சிறந்த பொருளை வைத்திருப்பவர் அதை முன்வரிசையில் நிறுத்த ஆண்டுதோறும் இவ்வளவு கொட்டுகிறார் என்றால், பொருளின்மீது அவருக்கே எவ்வளவு நம்பிக்கை என்று கேட்கத் தோன்றும். 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைத் தக்கவைத்தது என்று தீர்ப்பளித்தார்.

இவ்வளவையும் படித்துவிட்டுக் கூகுளை ஒதுக்கிவிடத் தோன்றினால், அதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் பிச்சைக்குச் சாதகமானது.

2013வாக்கில் கூகுளில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் தினம் மூன்று நிமிடம் குரல்வழித் தேடலைப் பயன்படுத்தினாலே போதும். கணினி மையங்களை இரண்டு மடங்காக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில், இந்த வேலைக்கென்றே சொந்தமாக ஒரு சிப் செய்துவிடலாம் என்று இறங்கினார்கள். டிபியு என்ற அந்த சிப்பைப் பிச்சை 2016 மே மாதம் உலகுக்கு அறிவித்தார். பத்தாண்டாக ஒவ்வொரு தலைமுறையாக அதை மெருகேற்றிவந்திருக்கிறார்கள். உலகமே என்விடியா சிப்புக்காகக் காத்துக் கிடக்கும் இந்த நாளில், கூகுள் தன் மாதிரிகளைத் தன் சிப்களிலேயே பழக்குகிறது. 2025 அக்டோபரில், போட்டி நிறுவனமான ஆந்த்ரோபிக்கே பத்து லட்சம் டிபியு வரை பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது.

டீப்மைண்ட் என்ற ஏஐ ஆய்வு நிறுவனத்தை வாங்கியது 2014இல், பேஜ் காலத்தில். ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் பணம் கொடுத்துப் பொறுத்திருந்தது பிச்சை காலம். 2016 மார்ச்சில் சோல் நகரில் டீப்மைண்டின் ஆல்ஃபாகோ, கோ விளையாட்டின் மேதை லீ செடோலை நான்குக்கு ஒன்று என்று வென்றது. அது விளம்பரம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வந்த ஆல்ஃபாஃபோல்டை அப்படிச் சொல்ல முடியாது. அமினோ அமிலங்களின் வரிசையை மட்டும் வைத்து ஒரு புரதம் எப்படி மடங்கி எந்த வடிவம் எடுக்கும் என்று கணிப்பது உயிரியலில் அரை நூற்றாண்டுப் புதிர். ஒரே ஒரு புரதத்தின் வடிவத்தைச் சோதனைச்சாலையில் கண்டறியச் சில சமயம் ஆண்டுகள் பிடிக்கும். 2020இல் ஆல்ஃபாஃபோல்ட் அந்தப் புதிரைப் பெருமளவு அவிழ்த்தது. 2022க்குள் இருபது கோடிப் புரதங்களின் வடிவங்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக வெளியிட்டார்கள். டீப்மைண்டின் டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். விளம்பரக் கம்பெனி ஒன்றின் ஊழியர்களுக்கு இது கிடைத்தது என்பதை இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம்.

ஓட்டுநர் இல்லாத கார் கதையும் இதே ரகம். 2009இல் தொடங்கிய முயற்சி. இடையில் ஊபர் தன் தானியங்கிக் கார் பிரிவை விற்றுவிட்டது. ஃபோர்டும் ஃபோக்ஸ்வாகனும் பணம் போட்ட ஆர்கோ மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் குரூஸ் டாக்சியைக் கைவிட்டது. கூகுளின் வேமோ நிற்கவில்லை. 2024 ஜூனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் யார் வேண்டுமானாலும் ஆளில்லாத டாக்சியைக் கூப்பிட்டு ஏறலாம். பதினைந்து ஆண்டு லாபமில்லாமல் ஒன்றை நடத்தும் பொறுமை பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லும் தலைமையிடம் அபூர்வம். தேடல் பணம்தான் அந்தப் பொறுமைக்குச் சம்பளம் கொடுத்தது என்பதையும் மறுக்க முடியாது. கையைக் கட்டிப்போட்டதும் அதே பணம்தான்.

பொறுமை எல்லாவற்றுக்கும் கிடைக்கவில்லை. பலூன்களை வானில் மிதக்கவிட்டு இணையம் தரும் லூன் திட்டம் இலங்கையில் பரபரப்பாகப் பேசப்பட்டது. 2015இல் அந்நாட்டு அரசோடு ஒப்பந்தம் ஆனது. 2016 பிப்ரவரியில் ஒரு சோதனை பலூன் கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வந்து விழுந்து செய்தியானது. மலையகத்துக்கு இணையம் வந்து சேரும் முன்பே, 2021இல் லூனையே மூடிவிட்டார்கள். ஸ்டேடியா என்ற விளையாட்டுச் சேவை 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரியில் செத்தது. அல்லோ, ஹேங்கவுட்ஸ், கூகுள் பிளஸ் என்று கல்லறைப் பட்டியல் நீளும். தோற்பது தவறில்லை. ஆனால் கூகுள் எதையாவது புதிதாகத் தொடங்கினால் "எத்தனை நாளைக்கு?" என்று பயனர்கள் முதலில் கேட்கும் நிலை வந்தது. அந்த நம்பிக்கையிழப்பும் பிச்சை கணக்கில்தான் சேரும்.

நம் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2017 செப்டம்பரில் இந்தியாவுக்கென்றே டெஸ் என்ற பணப்பரிமாற்றச் செயலியைக் கூகுள் வெளியிட்டது. மறு ஆண்டு அது கூகுள் பே ஆனது. இன்று தள்ளுவண்டிப் பழக்கடையிலும் "ஜிபே பண்ணிடுங்க" என்கிறார்கள். அடித்தளமான யுபிஐ இந்தியாவின் சொத்து, கூகுளுடையதல்ல. ஆனாலும் அமெரிக்காவில் செய்ததை இங்கே கொண்டுவந்து விற்பதற்குப் பதிலாக இங்கே முதலில் கட்டிய பொருள் அது. அமெரிக்க மத்திய வங்கிக்கு 2019இல் கூகுள் எழுதிய கடிதத்தில், யுபிஐ மாதிரியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் பரிந்துரைத்திருந்தது.

இனி 2023. 'கோட் ரெட்'டுக்குப் பிறகு நடந்தவை முதலில் கேலிக்கூத்து. பிப்ரவரி 6 அன்று பார்ட் என்ற சாட்பாட்டை அவசரமாக அறிவித்தார்கள். விளம்பரப் படத்திலேயே தவறு: சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோளை முதலில் படம் பிடித்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என்று அது சொன்னது. அந்தச் சாதனை 2004இலேயே சிலியில் உள்ள தரைத் தொலைநோக்கிக்குச் சொந்தம். ஒரே நாளில் ஆல்ஃபபெட்டின் சந்தை மதிப்பில் சுமார் 10,000 கோடி டாலர் கரைந்தது. கூகுளை ஆடவைத்தது நாங்கள்தான் என்று ஊருக்குத் தெரியட்டும் என்ற தொனியில் மைக்ரோசாஃப்டின் சத்யா நாதெள்ளா ஒரு பேட்டியில் சீண்டினார். மறு ஆண்டு, கூகுளின் ஜெமினி ஏஐயின் படம் வரையும் கருவி இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மானியச் சிப்பாய்களை வெவ்வேறு இனத்தவராக வரைந்து மாட்டிக்கொண்டது. ஏற்க முடியாதது என்று பிச்சையே ஊழியர்களுக்கு எழுதினார். அடுத்து, தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ பதில் சொல்லத் தொடங்கியதும், பீட்சாவில் சீஸ் ஒட்ட கோந்து சேர்க்கலாம் என்று யோசனை சொன்னது.

கேலியின் சத்தத்துக்கு நடுவே பெரிதாகக் கவனிக்கப்படாமல் போன ஒரு முடிவு உண்டு. 2023 ஏப்ரலில் கூகுள் பிரெய்ன், டீப்மைண்ட் இரண்டையும் ஒரே அமைப்பாக்கி ஹசாபிஸின் கையில் கொடுத்தார் பிச்சை. ஒரே முதலாளியின் கீழ் ஆண்டுக்கணக்கில் தனித்தனியாக ஓடிய இரண்டு ஆய்வுக்கூடங்கள் அவை. ஆட்களும் சிப்களும் இரண்டு பக்கமும் பிரிந்து கிடந்தன. இந்த இணைப்பு ஐந்தாண்டு முன்பே நடந்திருந்தால் என்னாகியிருக்கும் என்று கேட்கலாம். நடந்தபோதாவது உறுதியாக நடந்தது. செர்கே பிரின்னும் மறுபடி அலுவலகம் வந்து வேலையில் இறங்கினார்.

பலன் 2025இல் தெரிந்தது. மார்ச்சில் வந்த ஜெமினி 2.5 போட்டியில் முன்வரிசைக்கு வந்தது. ஆகஸ்டில் வந்த 'நானோ பனானா' படக்கருவியை இந்தியர்கள் விடவில்லை. பழைய இந்திப் படக் கதாநாயகிபோலச் சேலை கட்டிய தங்கள் படங்களால் இன்ஸ்டாகிராமை நிரப்பினார்கள். நவம்பர் 18 அன்று ஜெமினி 3 வந்தது. அடுத்த சில நாட்களில் 'கோட் ரெட்' அறிவித்தது இந்த முறை ஓப்பன்ஏஐயின் சாம் ஆல்ட்மன் என்று செய்தி வந்தது. 2026 ஜனவரியில் ஆப்பிள், தன் அடுத்த சிரியின் அடித்தளமாக ஜெமினியை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது.

ஆகவே, கூகுள் மீண்டுவிட்டது என்பதில் சந்தேகமில்லை. பெருமையை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. பிச்சையின் ஆதரவாளர்கள் அவருடைய நிதானத்தைச் சொல்கிறார்கள். அவரை மாற்ற வேண்டும் என்று பங்குச்சந்தை விமர்சகர்கள் வெளிப்படையாகவே எழுதிய நாட்களிலும் அவர் பதறவில்லை. சிப்பையும் ஆய்வுக்கூடத்தையும் விற்கவில்லை. இது உண்மை, சாதாரணமானதும் அல்ல. ஆனால் காலவரிசையைப் பாருங்கள். மீனா 2020, லாம்டா 2021, இரண்டும் உள்ளேயே. சாட்ஜிபிடி 2022 நவம்பர். பார்ட் 2023 பிப்ரவரி. ஆண்டுக்கணக்கில் 'இன்னும் தயாராகவில்லை' என்று சொன்ன பொருள், போட்டியாளர் வந்ததும் பத்தே வாரத்தில் தயாராகிவிட்டது. எச்சரிக்கைதான் காரணம் என்றால், எச்சரிக்கை அந்தப் பத்து வாரத்தில் எங்கே போனது?

இது ஒரு நிறுவனத்தின் கதை என்று தள்ளிவிட முடியாத இடம் ஒன்று உண்டு. வாசகர் தேடலில் கேள்வி கேட்டதும் ஏஐ பதில் மேலேயே வந்துவிடுகிறது. அந்தப் பதிலுக்கு மூலப்பொருள் கொடுத்த பத்திரிகையின் பக்கத்துக்கு அவர் போக வேண்டியதே இல்லை. ரோலிங் ஸ்டோன் இதழை நடத்தும் பென்ஸ்கி நிறுவனம் 2025 செப்டம்பரில் இதற்காகக் கூகுள்மீது வழக்குப் போட்டது. தன் பழைய வியாபாரத்தைச் சிதைத்துவிடும் என்று தயங்கிய கூகுள், கடைசியில் வேறு பலரின் வியாபாரத்தையும் சேர்த்துச் சிதைக்கும் விதத்தில் அதை வெளியிட்டிருக்கிறது. அந்த ஏஐ பதில்களுக்குள்ளேயே 2024 முதல் விளம்பரங்களும் வரத் தொடங்கிவிட்டன. எதிர்ச் சாரிக் கடையிலும் கல்லாப்பெட்டி வைக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

2024இல் ஆல்ஃபபெட்டின் வருவாய் 35,000 கோடி டாலர். அதில் விளம்பரம் சுமார் 26,500 கோடி. பிச்சை வந்தபோது பத்தில் ஒன்பதாக இருந்த பங்கு நான்கில் மூன்றாக இறங்கியிருக்கிறது. கிளவுட், யூடியூப் சந்தா போன்றவை வளர்ந்திருக்கின்றன. பத்தாண்டு உழைப்புக்கு அது நல்ல இறக்கம்தான். ஆனால் விளம்பர வருவாய்க்கு ஆபத்தான ஒரு பொருளை, வெளியிலிருந்து யாரும் விரட்டாமல், கூகுள் தானாக முன்வந்து மக்களிடம் கொடுத்த ஒரு சந்தர்ப்பத்தை அந்தப் பத்தாண்டில் தேடிக் காட்டுவது கடினம். சுந்தர் பிச்சையின் தலைமைக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.